சிவப்புக் குழாய்

ஆதிமூலம் பாட்டிலைச் சாய்த்து உள்ளங்கையில் நாலு சொட்டு ஊற்றினான். மோந்து பார்த்தான். பிறகு நாக்கு நுனியால் தொட்டான்.

லேபிள் அறையின் நடுவே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த பிரகாசத்துக்கு மூச்சு நின்றுவிட்டது.

"ம்... உப்புக் கரிக்குது" என்றான் ஆதிமூலம், கண்களை மூடிக்கொண்டே. "கலங்கலாவும் இருக்குது. இன்னாத்தையோ கலந்திருக்கான்யா. சுத்தமான சரக்கு இல்ல இது."

வாசற்படியில் கூடியிருந்த பெண்கள், பாட்டில் கழுவிய ஈரக் கையோடு எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிரகாசம் வாயைத் திறந்தான். சொல்லிவிட வேண்டியதுதான். ஒரே வார்த்தை. மூடிக்கொண்டான்.

எப்படிச் சொல்வான்? 'ஆதிமூலம், நீ நாக்கில் வைத்தது என் மூத்திரம்' என்று, அத்தனை பெண்கள் முன்னால், கையில் பூண் போட்ட தடியோடு நிற்கிற ஆளிடம் யார் சொல்வார்கள்?

ஆதிமூலத்தின் தொழிலே அதுதான். சக்கரபாணியின் சரக்குக் கிடங்குக்கு அவன் வாசற்காவல். உள்ளே வருகிற சரக்கையும் வெளியே போகிற ஆட்களையும் சோதிக்கிறவன். சந்தேகப்பட்ட பாட்டில் எதுவானாலும் முதலில் அவன் நாக்குக்குத்தான் போகும். பிராந்தியா சாராயமா, தண்ணீர் சேர்த்ததா சேர்க்காததா, நாக்கு நுனி சொல்லிவிடும். அதில் அவனுக்குக் கர்வமும் உண்டு.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிவிட்டுப் போய் அது மூன்றாவது கோடை. புதுச்சேரியில் கொடிதான் மாறியதே தவிர, குடி மாறவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. இந்தப் பக்கம் தாராளம். ஆகவே கனகசெட்டிக்குளம் சோதனைச் சாவடியில் தினம் ஒரு கூத்து. சைக்கிள் டியூபில் சாராயத்தை நிரப்பி இடுப்பில் சுற்றிக்கொண்டு, பிள்ளைத்தாச்சி மாதிரி நடந்து போகிறவர்கள் ஏராளம். போதாக்குறைக்கு, சக்கரபாணியின் கிடங்கிலிருந்து அரக்கு முத்திரை உடையாமல் போன பாட்டில்களில் சரக்கு குறைகிறது என்று வாங்கியவர்கள் சத்தம் போட ஆரம்பித்திருந்தார்கள். "மூலை முடுக்கு விடாம தேடுய்யா" என்று முதலாளி உத்தரவு. முதலாளி என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பத்ரோன்.

தேடிய ஆதிமூலத்துக்குக் கிடைத்தவை இரண்டு. லேபிள் மேஜைக்கடியில் துணி போர்த்தி வைத்திருந்த, கழுத்தில் நூல் கட்டிய பச்சைப் பாட்டில். அதன் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவைத் திறந்தான். வெள்ளைத் துணிச்சுருளுக்குள் இரண்டு சிவப்பு ரப்பர் குழாய்கள். எழுதுகோல் தடிமன்கூட இல்லை.

ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். "பாருங்கடி, இன்னா மூளை! முனை மழுங்க மூடியிருக்குது. பக்கவாட்டுல ஒரு ஓட்டை. தக்கைய ஊசியால குத்தி, இத உள்ள விட்டு உறிஞ்ச வேண்டியது. மேல அரக்கு வச்சி லேபிள் ஒட்ட வேண்டியது. அரக்கு யார்கிட்ட இருக்குது? லேபிள் யார்கிட்ட இருக்குது?"

பதிலை அவனே தடி முனையால் காட்டினான். பிரகாசத்தின் மார்பில் தடி வந்து நின்றது.

"சொல்லு முசே. இன்னா இது?" பிரெஞ்சுப் பட்டாளத்து ஆள் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவன் முசே, அதாவது துரை.

"அது... மருந்துக் கொழா."

"யாருக்கு மருந்து? பாட்டிலுக்கா?"

பெண்கள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து மாதா கோயில் மணி உச்சிப்பொழுதை அடித்தது.

மணி அடித்தால் புதுச்சேரியில் கடைக் கதவுகள் மூடும். சாப்பாடு, பிறகு தூக்கம். பிரெஞ்சுக்காரன் பழக்கிவிட்ட பழக்கம். பத்ரோன் சக்கரபாணி வீட்டு மாடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டால், வெயில் சாய்ந்து அவரே எழுந்து வருகிறவரை இடி விழுந்தாலும் எழுப்பக் கூடாது. முன்பொரு முறை எழுப்பிய கணக்குப்பிள்ளை இப்போது கடலூரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

"பத்ரோன் எழுந்து வரட்டும். அவர் முன்னால பேசிக்கலாம்" என்ற ஆதிமூலம், டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பாட்டிலைக் கையில் எடுத்தான். வெளியே போய்க் கதவைச் சாத்தினான். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

"ஆதிமூலம்! டப்பாவ மட்டுமாவது குடுத்துட்டுப் போய்யா!"

"குடுக்கறேன், குடுக்கறேன். போலீஸ் கையில குடுக்கறேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

பிரகாசம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். விரல் நனைந்தது.

அவன் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான்.

பிரகாசம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா போனவன். ஊர் பாஷையில் சொல்தா. அங்கே நெல் வயல் வரப்பொன்றில் வெடித்த குண்டின் சில்லு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முதுகுத்தண்டில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து மார்புக்குக் கீழே இருக்கிற உடம்பு ஒரு சேதியும் சொல்வதில்லை. கால் நகராது. சுட்டால் தெரியாது. எல்லாவற்றிலும் கொடுமை, மூத்திரப்பை நிரம்பினாலும் தெரியாது. நிரம்பினாலும் தானாக இறங்காது. ஆஸ்பத்திரியில் தாதி ஒருத்தி ரப்பர் குழாயை அவன் கையில் கொடுத்து, தானே விட்டு எடுக்கப் பழக்கினாள். அவள் வாயில் அதற்குப் பெயர் சோந்த். அவனும் மனைவி ரோசாவும் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். 'சோந்த் கொதிச்சிடுச்சா?' என்றால் பக்கத்து வீட்டுக்குப் புரியாது.

உடம்பு சேதி சொல்வதில்லை என்றாலும், ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். பை நிரம்பி வழி தெரியாமல் முட்டும்போது ரத்தம் மேலே ஏறும். நெற்றியில் வேர்வை. பிறகு தலைவலி. "அப்போதே இறக்கிவிடு. தாமதித்தால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கும்" என்று பட்டாளத்து டாக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். அதை அவன் நம்பியது டாக்டர் சொல்லி அல்ல. திரும்பி வந்த கப்பலில் அவன் பக்கத்துக் கட்டிலில் இதே மாதிரி அடிபட்ட காரைக்கால் பையன் ஒருவன் படுத்திருந்தான். உறக்கத்தில் அவன் குழாய் தொடைக்கடியில் மடங்கிப்போனது. தலை வலிக்கிறதே அண்ணே என்றான். கொஞ்ச நேரத்தில் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. விடிந்தபோது அவன் மேல் துணி போர்த்தியிருந்தார்கள்.

தலை வலிக்கிறதே அண்ணே. அந்தக் குரல் இப்போது பூட்டிய அறைக்குள் கேட்பது போலிருந்தது.

'ரோசா, ஏன்டி இன்னைக்குன்னு பார்த்து அவ்வளவு குடுத்த?' என்று மனசுக்குள் அழுதான். நேற்று கலங்கலாகப் போனது என்று பயந்து, காலையில் செம்பு செம்பாகப் பார்லித் தண்ணீர் குடிக்க வைத்திருந்தாள். முற்பகலில் ஒரு முறை கதவைத் தாழிட்டுக்கொண்டு இறக்கியாயிற்று. அதுதான் அந்தப் பச்சைப் பாட்டில். வீட்டிலிருந்து கொண்டு வந்தது. கிடங்குப் பாட்டிலோடு கலந்துவிடக் கூடாதென்றுதான் கழுத்தில் நூல். தினமும் பெண்கள் தேநீருக்குப் போகிற சமயம் பின்கட்டுச் சாக்கடையில் ஊற்றிக் கழுவி வந்துவிடுவான். இன்றைக்குச் சாக்கடைப் பக்கமே ஆதிமூலம் நின்றுகொண்டிருந்தான். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று துணியைப் போர்த்தி வைத்தான்.

தலைவலி வந்தது. மெதுவாக அல்ல. பிடரியில் யாரோ ஆப்பு வைத்து அடித்த மாதிரி.

முதலில் என்ன செய்யவேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். படுக்கக் கூடாது, படுத்தால் ரத்தம் இன்னும் ஏறும். நிமிர்ந்து உட்கார்ந்தான். இடுப்பு பெல்ட்டைத் தளர்த்தினான். சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தான். குனிந்து பூட்ஸ் நாடாவைப் பிரித்தான். குனிந்தபோது கண்ணுக்குள் வெள்ளை மின்னல் ஓடியது.

அடிவயிற்றில் கை வைத்தான். கல் மாதிரி இருந்தது. விரல் நுனியால் தட்டிப் பார்த்தான். சில நாள் தட்டினால் கொஞ்சம் இறங்கும். தட்டினான். இடுப்புத் துணியில் ஓர் ஈரப்பொட்டுத் தெரிந்தது, அவ்வளவுதான். மூத்திரப்பையின் வாய் மறுபடி இறுக்கிக்கொண்டது. மண்டைக்குள் ஆப்பு இன்னும் ஒரு விரற்கடை இறங்கிற்று. வேண்டாம், தட்டாதே. தட்டத் தட்ட ஏறுகிறது.

அறையைச் சுற்றிலும் பார்த்தான். லேபிள் கட்டுகள். பசைச் சட்டி. அரக்குக் குச்சிகள். தட்டு நிறைய முத்திரை வைத்த பாட்டில்கள். பீப்பாயிலிருந்து சரக்கு இறக்குகிற ரப்பர் குழாய் ஒன்று மூலையில் சுருண்டு கிடந்தது, கட்டைவிரல் தடிமன். அதை ஒரு கணம் வெறித்துப் பார்த்தான். தன் நினைப்புக்கே பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாற்காலியைச் சன்னலோரம் உருட்டினான். கம்பிகளுக்கு அப்பால் முற்றம், வெயிலில் வெள்ளையாக எரிந்தது. அந்தக் கோடியில் வாசல். வாசலை ஒட்டிக் காவல் கொட்டகை. கொட்டகை நிழலில் ஆதிமூலம் மல்லாந்து படுத்திருந்தான். தலைக்கு உயரமாக எதையோ வைத்திருந்தான்.

பிஸ்கட் டப்பா.

"ஆதிமூலம்!"

குறட்டைதான் பதில்.

"யோவ் ஆதிமூலம்! உசுரு போவுதுய்யா!"

ஒரு கை எழுந்து, ஈ ஓட்டுவது போல் ஆடி, விழுந்தது. "உறிஞ்சினது ஏறிப்போச்சா? கம்முனு கெட" என்றது குரல். மறுபடி குறட்டை.

இப்போது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மண்டை இடித்தது. சொன்னால்? முதலில் வேலை பார்த்த துணிக்கடை கண்முன் வந்தது. ஒருநாள் நாற்காலிக்கடியில் ஈரம் தெரிந்தது. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவன் பெயர் பிரகாசம் இல்லை, மூத்திர சொல்தா. தெரு நுனி வரை பையன்கள் கூவிக்கொண்டு வந்தார்கள். கடைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கணக்குத் தீர்த்தார். இங்கே வந்தபோது பத்ரோனிடம், கால் மட்டும்தான் வராது என்று சொல்லிச் சேர்ந்தான். இரண்டு வருஷமாகக் கால் மட்டும்தான்.

இப்போது அதற்கு மேல் இன்னொன்று. ஆதிமூலத்தின் நாக்கு. தெரிந்தால் அந்தத் தடி சும்மா இருக்குமா?

மூக்கு அடைத்துக்கொண்டது. முகம் அனலாய்க் காந்தியது. கைகளில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. வெயிலில் எரிந்த முற்றத்துக்கு ஓரங்களில் கறுப்புக் கட்டியது. கப்பல் கட்டிலில் இழுத்துக்கொண்ட அந்த வாயை நினைத்து, தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் நேராகத்தான் இருந்தது. இன்னும்.

"இன்னா முசே, மூஞ்சி இப்பிடி செவந்து கெடக்குது? அடிச்சானா அந்தப் பாவி?"

சன்னலுக்கு வெளியே கொளஞ்சி. பாட்டில் கழுவுகிறவர்களில் மூத்தவள். பஸ் ஏறிக் கிராமத்திலிருந்து வருகிறவள். பகலில் வீட்டுக்குப் போக முடியாத நாலைந்து பேர் கழுவுதொட்டிச் சாய்ப்பில் கஞ்சியைக் குடித்துவிட்டு அங்கேயே கட்டையைச் சாய்ப்பார்கள். அவள் கையில் கஞ்சித் தூக்கு இருந்தது.

"கொளஞ்சி... அந்த டப்பா. டப்பாவ எடுத்துக் குடு."

"நல்லா கேட்டியே! அவன் தலைக்கு வச்சினு தூங்கறான். நானும் சேந்து களி தின்னவா?"

"நான் திருடல கொளஞ்சி. மாதா சத்தியமா திருடல."

"அப்ப எதுக்கு அந்தக் கொழா?"

பிரகாசம் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"எனக்கு ஒன்னுக்கு தானா போவாது. அந்தக் கொழாய உள்ள விட்டுத்தான் எறக்கணும். இப்ப உள்ள நெறைஞ்சி முட்டுது. இப்பிடியே இருந்தா மண்டையில நரம்பு வெடிச்சிடும். நான் பார்த்திருக்கேன். செத்துடுவேன்."

கண்ணைத் திறந்தான். கொளஞ்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ... அந்தப் பச்சைப் பாட்டில்ல..."

அவன் தலையசைத்தான்.

"அய்யோ! அந்த ஆளு நாக்குல..." முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு.

பொட்டென்று ஏதோ விழுந்தது. பிரகாசத்தின் மடியிலிருந்த லேபிள் கட்டின் மேல் ஒரு சிவப்புச் சொட்டு. இன்னொன்று. அவன் மூக்கிலிருந்து ரத்தம்.

கொளஞ்சியின் சிரிப்பு பட்டென்று நின்றது.

"இரு முசே. தோ வந்துட்டேன்."

"கொளஞ்சி! அவன் நாக்குல வச்சத மட்டும் சொல்லிடாத. என்னக் கொன்னுடுவான்."

அவள் கஞ்சித் தூக்கைக் கீழே வைத்துவிட்டு முற்றத்தைக் குறுக்கே கடந்தாள். பிரகாசம் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு பார்த்தான். ஒரு கொளஞ்சி இரண்டாகத் தெரிந்தாள், பிறகு ஒன்றானாள். கொட்டகைக்குள் குனிந்தாள். ஒரு கையால் ஆதிமூலத்தின் தலையை, தூங்குகிற பிள்ளையின் தலையைத் தாங்குவது போல மெல்லத் தாங்கினாள். மறு கையால் டப்பாவை இழுத்தாள். பாதி வந்தது. முக்கால் வந்தது.

மாதாவே, மாதாவே, மாதாவே.

டப்பா மூடி கடகடத்தது.

ஆதிமூலம் எழுந்து உட்கார்ந்தான். அவன் கை கொளஞ்சியின் மணிக்கட்டைக் கவ்வியது.

"ஓகோ! கூட்டுக் களவாணியா? அதானே பார்த்தேன், நொண்டி ஒருத்தனால எப்பிடி முடியும்னு! எத்தினி நாளாடி நடக்குது?"

"கைய வுடுய்யா! அவருக்கு மருந்து அது!"

"இன்னா மருந்து? சொல்லு! இன்னா மருந்து?"

கொளஞ்சி சன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். சொல்லவில்லை. அவன் ஓங்கி ஓர் அறை விட்டான். டப்பா கையிலிருந்து தெறித்து மண்ணில் கவிழ்ந்தது. சாய்ப்பில் படுத்திருந்த பெண்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். இரண்டாவது அறைக்குக் கை உயர்ந்தது.

பிரகாசம் இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினான்.

"அவள வுடுய்யா! அது சரக்கு இல்ல! என் மூத்திரம்! என் மூத்திரம்யா அது! அந்தக் கொழா இல்லன்னா எனக்கு ஒன்னுக்கு எறங்காது! நான் சாவறேன்யா இங்க!"

கிடங்குச் சுவர்களில் மோதி அந்த வார்த்தை திரும்பி வந்தது.

ஆதிமூலத்தின் உயர்ந்த கை அப்படியே நின்றது. அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எல்லாம் தெரிந்தது. காறித் துப்பினான். மறுபடி துப்பினான். கழுவுதொட்டிக்கு ஓடி இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓங்கரித்தான். எங்கேயோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

அவன் நிமிர்ந்தான். தடியை எடுத்தான். லேபிள் அறையை நோக்கி ஓடி வந்தான்.

முடிந்தது என்று நினைத்தான் பிரகாசம். மண்டை வெடித்துச் சாவதா, மண்டை உடைந்து சாவதா, அவ்வளவுதான் மிச்சம். பூட்டில் சாவி தடுமாறியது. கதவு சுவரில் மோதித் திறந்தது. தடி தலைக்கு மேலே போயிற்று.

அங்கேயே நின்றது.

எதிரே நாற்காலியில் இருந்தவனின் முகம் வீங்கிக் கன்றிச் சிவந்திருந்தது. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் மோவாயிலிருந்து சொட்டி மடியிலிருந்த லேபிள்களையெல்லாம் நனைத்திருந்தது. கண்கள் அவனைப் பார்த்தன. ஆனால் அடையாளம் கண்டனவா என்பது சந்தேகம்.

"இன்னாய்யா இது..." ஆதிமூலத்தின் குரலில் இருந்தது கோபம் இல்லை. "யோவ் முசே! இன்னாய்யா பண்ணுது?"

"கொழா" என்றான் பிரகாசம். நாக்கு தடித்துவிட்டிருந்தது.

கொளஞ்சி ஓடிவந்து குழாயை நீட்டினாள். அதில் முற்றத்து மண் அப்பியிருந்தது. இன்னொன்றும் அப்படித்தான்.

"அழுக்கோட விட்டா... காய்ச்சல் கண்டு போயிடுவேன். வீட்டுல கொதிக்க வச்சித்தான்..."

"அடுப்பு ஏதுய்யா இங்க?"

மூவருடைய கண்களும் ஒரே சமயத்தில் மேல் தட்டுக்குப் போயின. கடுஞ்சரக்கு. ஆஸ்பத்திரி ஸ்பிரிட் மாதிரி, தீக்குச்சி காட்டினால் நீலமாகப் பற்றும். அரக்கு முத்திரை வைத்தது. அந்தக் கிடங்கில் முத்திரையை உடைத்தவன் நேரே போலீசுக்குப் போவான். போக வைப்பவன் ஆதிமூலம்.

ஆதிமூலம் ஒரு பாட்டிலை இழுத்தான். கழுத்தை மேஜை விளிம்பில் தட்டி அரக்கை உதிர்த்தான். தக்கையைப் பல்லால் பிடுங்கித் துப்பினான். கொளஞ்சி மண்ணைத் தண்ணீரில் கழுவிப் பிடிக்க, குழாய் மேல் குடகுடவென்று ஊற்றினான். "கை... என் கையிலயும்" என்றான் பிரகாசம். கையிலும் ஊற்றினான். அறை முழுக்க நெடி ஏறியது.

கொளஞ்சி கொட்டகையிலிருந்த பச்சைப் பாட்டிலைக் கொட்டிக் காலியாக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"திரும்பி நில்லுய்யா" என்றான் பிரகாசம்.

ஆதிமூலம் திரும்பி நின்றான்.

கை நடுங்கியது. முதல் தடவை வழி தவறியது. கண்ணில் கறுப்பு கூடிக்கொண்டே வந்தது. நிதானம், நிதானம், மூச்சை விடு, அவசரப்பட்டால் கிழியும் என்ற தாதியின் குரலைத் தேடிப் பிடித்துக்கொண்டான். மெல்ல, மெல்லத் தள்ளினான். ஏதோ தடுத்தது. காத்திருந்தான். தடை விட்டது.

பாட்டிலுக்குள் சளசளவென்று சத்தம் கேட்டது.

"வேற... இன்னொண்ணு குடு, நெறைஞ்சிடும்" என்றான். ஆதிமூலம் திரும்பாமலே, கடுஞ்சரக்கின் மிச்சத்தைத் தரையில் கொட்டிவிட்டு, காலிப் பாட்டிலைப் பின்பக்கமாக நீட்டினான்.

பிடரியிலிருந்து யாரோ ஆப்பைப் பிடுங்கினார்கள். கறுப்பு ஓரங்கள் விலகின. முகத்துச் சூடு இறங்கியது. பிரகாசம் நாற்காலியில் சாய்ந்தான். அப்போதுதான் அழுகை வந்தது. குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதான். ஆதிமூலம் சுவரைப் பார்த்தபடியே நின்றான்.

வெயில் சாய்ந்ததும் பத்ரோன் வந்தார். நெற்றியில் தூக்கச் சுருக்கம். அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"எவன்டா முத்திரைய ஒடச்சது?"

"நான்தான்" என்றான் ஆதிமூலம்.

காரணத்தைப் பிரகாசம் சொன்னான். முதல் தடவை உயிர் போகும்போது கத்தியது; இந்தத் தடவை நிதானமாக, பத்ரோன் முகத்தைப் பார்த்து. குழாய் எதற்கு, பாட்டில் எதற்கு, ஏன் மறைத்தான். ஆதிமூலத்தின் நாக்கை மட்டும் விட்டுவிட்டான்.

சக்கரபாணி கேட்டுக்கொண்டே வந்தவர், தட்டிலிருந்த பாட்டில்களைப் பார்த்து வெளிறிப்போனார்.

"சாராயக் கிடங்குல, பாட்டில்ல மூத்திரமா? இது விழுப்புரம் வரைக்கும் போனா எவன்யா என் சரக்க வாங்குவான்? வாணாம் முசே. தப்பா நெனைக்காத. நாளையிலேர்ந்து வராத."

இந்த வேலையும் போயிற்று. பிரகாசத்துக்குத் துணிக்கடைத் தெரு நினைவுக்கு வந்தது. பையன்களின் கூவல் காதில் கேட்டது.

"போவட்டும் பத்ரோன்" என்றாள் கொளஞ்சி. கன்னத்தில் விரல் தடம் இன்னும் இருந்தது. "சொல்தாவ ஏன் நிறுத்தினாங்கன்னு பஸ்ல கேப்பாங்களே, நாங்க இன்னான்னு சொல்றது? அத மட்டும் சொல்லிக் குடுத்துடுங்க. நாங்க இத்தினி பொம்பளைங்க, ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிடப் போறோம்."

பத்ரோன் அவளை முறைத்தார். அவள் பாட்டுக்கு முந்தானையை உதறிக்கொண்டிருந்தாள்.

"பத்ரோன்" என்றான் ஆதிமூலம் அவசரமாக. "ஆளு உள்ளயே இருக்கட்டும். ஆளு வெளிய போனா கதையும் வெளிய போவும்." அவன் காது சிவந்திருந்தது.

சக்கரபாணி வெகுநேரம் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், "பாட்டில் மட்டும் ஆவாது" என்றார். "எனாமல் ஜாடி வச்சிக்க, சட்டி வச்சிக்க. என் கிடங்குல பாட்டில்ல கூடாது. அந்த ரெண்டையும் ஒடச்சிப் பொதைங்கடா."

"சரி பத்ரோன்" என்ற பிரகாசம் அவர் முகத்தையே பார்த்தான்.

"இன்னும் இன்னா?"

"வெளியிலேர்ந்து பூட்டு வாணாம். சாவிய என்கிட்டயே குடுத்துடுங்க."

லேபிள் அறைச் சாவி பத்ரோனிடமும் காவலிடமும் தவிர வேறு கையில் இருந்ததில்லை. சக்கரபாணி ஆதிமூலத்தைப் பார்த்தார். ஆதிமூலம் இடுப்பிலிருந்து வளையத்தை அவிழ்த்து, ஒரு சாவியைக் கழற்றி, பிரகாசத்தின் உள்ளங்கையில் வைத்தான்.

பொழுது இறங்குவதற்குள் பார்லித் தண்ணீர் தன் வேலையை மறுபடி காட்டியது. நெற்றியில் வேர்வை அரும்பியது. கொளஞ்சி தேநீர்க்கடை அடுப்பில் கொதிக்க வைத்து வாங்கிவந்த குழாய், டப்பாவுக்குள் துணியில் இருந்தது. வழக்கமாக அந்த டப்பாவை மேஜைக்கடியிலிருந்து எடுக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று அவன் கண் நாலு பக்கமும் ஓடும். இன்றைக்கு எல்லோருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுவுதொட்டியில் கைகள் நின்றுவிட்டிருந்தன.

"இன்னாடி வேடிக்கை? கழுவுங்க, கழுவுங்க!" என்று கத்தினான் ஆதிமூலம். லேபிள் அறை வாசலில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தடியை ஊன்றி நின்றான்.

பிரகாசம் உள்ளே போய்த் தாழிட்டான். வெளியே பாட்டில்கள் உரசுகிற சத்தம் மீண்டும் தொடங்கியது. அதன் நடுவே யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ தெரியாது. அவனுக்குக் கை மறுபடி நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் நிற்கட்டும் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். நிற்கவில்லை.

நடுங்குகிற கையாலேயே டப்பாவைத் திறந்தான்.